இறக்கைக்கும் ஏணிக்கும் நடுவே ஒரு முழம்

இரண்டு கைகளும் தலைக்கு மேலே. கைகளில் டேபிள் டென்னிஸ் மட்டை மாதிரி இரண்டு ஆரஞ்சு மட்டைகள். அவற்றைப் பெருக்கல் குறி போலக் குறுக்கே வைத்துக்கொண்டு நிற்கிறேன். எதிரே ஒரு விமானம்.

அதுவரை மெதுவாக என்னை நோக்கி உருண்டு வந்துகொண்டிருந்தது, சடக்கென்று நின்றுவிட்டது. பிரேக் பிடித்ததில் மூக்கு ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தது. ஊர் வந்துவிட்டதென்று பெட்டியை எடுக்க எழுந்தவர்கள் அத்தனை பேரும் திரும்ப சீட்டில் விழுந்திருப்பார்கள்.

உச்சி வெயில். சிமென்ட் தரையின் சூடு பூட்ஸைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏறியது. மண்ணெண்ணெய் அடுப்பை அணைத்த மாதிரி ஒரு வாசனை எப்போதும் அங்கே இருக்கும், அன்றைக்கு ஜாஸ்தியாக இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் பைலட் முகம் தெரிந்தது. நிற்க வேண்டிய கோடு இன்னும் தள்ளி இருக்கிறதே, எதற்கு நிறுத்தினாய் என்று கேட்கிற முகம்.

முழு பதில் அப்போது என்னிடமும் இல்லை. இன்னொரு தடவை காரணமில்லாமல் விமானத்தை நிறுத்தினால் மட்டையைப் பிடுங்கிக்கொண்டு மூட்டை தூக்க அனுப்பிவிடுவதாக அதிகாரி எனக்கு எச்சரிக்கை கொடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆனாலும் கையை இறக்கவில்லை.

ஓட்டினவன் இல்லை, நிறுத்தினவன்

விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். திருக்கோவிலூரிலிருந்து ஒரு வாசகர் உடனே கடிதம் போட்டுவிட்டார். ‘அப்படியானால் தாங்கள் பைலட்டா?’ என்று கேட்கிறார்.

இல்லை ஐயா. ஓட்டுகிறவர்கள் வேறே. நான் நிறுத்துகிறவன்.

சிரிக்க வேண்டாம். ஆகாயத்தில் பைலட்தான் ராஜா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே இறங்கிச் சக்கரத்தில் உருள ஆரம்பித்துவிட்டால் தன் இறக்கை நுனி எங்கே போகிறது என்பதுகூட அவருக்குச் சரியாகத் தெரியாது. சுற்றிலும் எண்ணெய் வண்டி, சாப்பாட்டு வண்டி, பெட்டி இழுக்கும் டிராக்டர், பயணிகள் இறங்கும் ஏணி வண்டி என்று சந்தை மாதிரி நெரிசல். அதற்குள்ளே அவரைக் கைகாட்டி அழைத்து வந்து, தரையில் போட்ட மஞ்சள் கோட்டில் மூக்குச் சக்கரத்தைக் கொண்டுவந்து, ‘நில்’ என்று மட்டையைக் குறுக்கே பிடிக்கிறவன் நான். அவ்வளவு பெரிய விமானமும் நான் சொன்னால்தான் வரும், நான் சொன்னால்தான் நிற்கும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

என் வேலையிலும் ஒரு குறை உண்டு. நேரெதிரே நிற்கிறவனுக்கு இறக்கை நுனி எதில் இடிக்கும் என்று பிடிபடாது. பக்கத்தில் ஒரு வண்டி நின்றால், அது இறக்கையின் வழியில் நிற்கிறதா, தள்ளி நிற்கிறதா என்று கண் ஏமாற்றும். அதனால் இறக்கைக்கு ஒருவராக இரண்டு பேர் கூடவே நடந்து வருவார்கள். அவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் வழி சுத்தம் என்று அர்த்தம்.

எல்லாம் கைப்பேச்சுதான். எஞ்சின் இரைச்சலில் எங்கள் காதுகள் அடைப்பானுக்குள் இருக்கும். வாயால் சொல்வதை நம்பக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

விமானம் நின்று, எஞ்சின் ஓய்ந்து, வயிற்றடியில் சுழலும் சிவப்பு விளக்கும் அணைந்த பிறகு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்போம். அதற்கு ‘சாக்’ என்று பேர். சேர்ந்த புதிதில் கேன்டீனில், “எங்க ஊர்ல இதுக்குப் பேரு முட்டுக்கட்டைங்க” என்று வாயை விட்டேன். அன்றைக்குப் பிடித்தது சனி. என் பேரே முட்டுக்கட்டை ஆகிவிட்டது.

கட்டையோடு குதிக்கிற வேலை

அந்தப் பேர் எனக்குப் பொருத்தம்தான். வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் லாரி கிளீனர்.

கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்குப் போய் வரும் லாரி. ஏறும்போது அரிசி, உப்பு, சிமென்ட். இறங்கும்போது கடுக்காய், புளி, மரவள்ளிக் கிழங்கு. வெள்ளிமலை ரோட்டில் ஏதாவது ஒரு வளைவில் லாரி மூச்சு முட்டி நின்றுவிடும். டிரைவர் “கட்டே!” என்று ஒரு சத்தம் கொடுப்பார். வண்டி பின்னால் நழுவுவதற்குள் நான் கீழே குதித்துப் பின்சக்கரத்தில் கட்டையைச் செருகியாக வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். டயர் காய்ந்த நாற்றமும் மூட்டையிலிருந்து வரும் கடுக்காய்த் துவர்ப்பும் இன்னும் மூக்கில் இருக்கின்றன.

அந்த டிரைவர் ஒரு தினுசான ஆள். சாப்பிட நிறுத்தும்போதும் கட்டை வைக்கச் சொல்வார். தரை சமமாக இருக்கிறதே என்றால், “சமமாக்கீதுன்னு ஒனக்குத் தெரியும், வண்டிக்குத் தெரியுமா?” என்பார். அவர் பேச்சுக்கு நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமில்லை.

அப்பாவும் அம்மாவும் அணைக்கட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டினவர்கள். என்னிடம் இருந்தது பத்தாவது சர்டிபிகேட்டும், ஓடுகிற வண்டியிலிருந்து குதிக்கிற பழக்கமும்தான். வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கார்டு வந்தது. இடஒதுக்கீட்டில் எடுத்தார்கள். கோட்டாவில்தான் போனேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது? வாசல் வரைக்கும் கோட்டா கொண்டுபோய் விட்டது. உள்ளே போன பிறகு வெயிலில் நின்றது நான்.

என் அக்கா அஞ்சலைக்குத்தான் பெருமை தாங்கவில்லை. “என் தம்பி ஏரோப்ளேனுக்கு முட்டுக்கட்டை போடறான்” என்று கச்சிராயபாளையம் முழுக்கச் சொல்லிவிட்டாள். நம் பேச்சில் முட்டுக்கட்டை போடுவது என்றால் நடக்கிற காரியத்தைக் கெடுப்பது. மளிகைக் கடைக்காரர் பதறிப்போய், “அது பாட்டுக்குப் பறந்துக்கினு போவுது, அதுக்கு எதுக்கும்மா முட்டுக்கட்டை போடறான்? வேணாம்னு சொல்லு” என்றாராம்.

மரங்கள் சாய்ந்த வாரம்

எங்கள் ஷிப்டுக்கு அதிகாரி கபூர் சார். டில்லிப் பக்கத்துக்காரர். தமிழில் ‘வா’, ‘போ’, ‘சீக்கிரம்’ மூன்றும் தெரியும். கள்ளக்குறிச்சி என்று அவருக்கு வாயில் வராது. என்னைக் ‘கல்லாகுர்ச்சி’ என்று கூப்பிடுவார். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் நேரம் தவறினால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

மட்டை கைக்கு வந்த புதிதில் ஒரு நாள், கோட்டுக்கு அருகில் ஏதோ கிடந்தது கண்ணில் பட, வந்துகொண்டிருந்த விமானத்தை நிறுத்திவிட்டேன். போய்ப் பார்த்தால் காற்றில் வந்த அட்டைத் துண்டு. பயணிகள் இறங்கத் தாமதம். கபூர் என்னைத் தனியே அழைத்தார். சந்தேகத்துக்கெல்லாம் நிறுத்துகிறவன் எனக்கு வேண்டாம், இன்னொரு தடவை இப்படி நடந்தால் மட்டையை வைத்துவிட்டு மூட்டை தூக்கும் லோடிங்குக்குப் போய்விடு என்று ஆங்கிலமும் இந்தியும் கலந்து சொன்னார்.

கேன்டீனில் அது பரவாமல் இருக்குமா? அப்போது இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம். பேப்பரில் அதுதான், டீக்கடையில் அதுதான். எங்கள் கேன்டீனில் மேஜைகூடத் தனித்தனியாகப் பிரிந்துவிட்டது. நான் தட்டோடு போகும்போது, “கோட்டா முட்டுக்கட்டை வருது, வழி விடு, இல்லேன்னா நம்மளையும் நிறுத்திடுவான்” என்று ஒரு குரல் கேட்டது.  கோபம் எனக்குச் சட்டென்று வரும். அன்று அடக்கிக்கொண்டேன். மட்டையை இழந்தால் அவர்கள் சொன்னது நிஜம் என்று ஆகிவிடும் அல்லவா? எனக்கு மட்டுமா ஆகும்? எனக்குப் பிறகு எங்கள் பக்கத்திலிருந்து கார்டோடு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஆகும்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கம் சாலை மறியல் ஆரம்பித்தது. உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று வழிநெடுகப் புளிய மரங்களைச் சாய்த்து ரோட்டில் போட்டுவிட்டார்கள். பஸ் கிடையாது, லாரி கிடையாது. யார் கேட்டார்கள், யாருக்குக் கிடைத்தது, யார் அடிபட்டார்கள் என்பதெல்லாம் பெரிய கதை. ஒரு அத்தியாயத்தில் அடங்காது. இடஒதுக்கீடு கேட்டதில் எனக்கு வருத்தமில்லை, மரங்கள் போனதில் உண்டு.

விமான நிலையத்தில் எங்கள் பிரிவில் பாதிப் பேர் அந்த வழியில் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்டார்கள். ஏணி வண்டி டிரைவர் வரவில்லை. இறக்கைக்கு நிற்கிறவர்கள் வரவில்லை. மூட்டை தூக்குகிறவர்களில் கொஞ்சம் விவரமானவர்களைப் பொறுக்கி, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து நிறுத்தினோம்.

அப்படி வலது இறக்கைக்கு வந்தவன் ஏழுமலை. தியாகதுருகத்துக்காரன். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு வந்தவன். நல்ல கவனமான ஆள். ஓடுகிற பஸ்ஸில் கூட்டத்தை விலக்கிச் சீட்டுக் கிழித்தவனுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துத்தான் அவனைக் கேட்டு வாங்கினேன்.

ரைட்! ரைட்!

விமானம் வருவதற்கு முன்னால் நிறுத்துமிடத்தை நான் சுற்றிப் பார்த்தேன். விமானம் வரும்போது வண்டிகள் தாண்டக் கூடாத சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஏணி வண்டி நின்றது. சரியாகத்தான் நின்றது. அதன் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டிய ஆள் எங்கேயோ புளிய மரத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான் என்பதும், காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டவர்கள் கட்டை வைக்கவில்லை என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் என் இடத்துக்குப் போய் மட்டையைத் தூக்கிவிட்டேன். விமானம் திரும்பி என்னைப் பார்த்து வந்தது. இடப் பக்கத்து ஆள் விரலைக் காட்டினான். ஏழுமலையும் காட்டினான். இரண்டு மட்டைகளையும் முன்னும் பின்னும் அசைத்து, வா, வா என்று அழைத்துக்கொண்டிருந்தேன்.

அதே நேரம் பக்கத்து இடத்திலிருந்து இன்னொரு விமானம் கிளம்பியது. அது திரும்பும்போது எஞ்சினிலிருந்து பின்னால் அடிக்கிற காற்று இருக்கிறதே, ஆளைத் தூக்கி வீசும். அந்தக் காற்று ஏணி வண்டியின் முதுகில் அடித்தது. கட்டை வைக்காத வண்டி. மெள்ள உருண்டு சிவப்புக் கோட்டைத் தாண்டி, ஏழுமலையின் பின்னால் வந்து நின்றுவிட்டது.

ஏழுமலை இறக்கையைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்துகொண்டிருந்தான். அவனுக்கு முதுகில் கண் இல்லை. நேரெதிரே நின்ற எனக்கு ஏணியின் தலை தெரிந்தது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.

பார்த்தவர் கபூர். பக்கவாட்டில் இருந்த அறையிலிருந்து வெளியே ஓடி வந்தார். ஏழுமலைக்குப் பக்கத்தில் வந்து, தொண்டை கிழியக் கத்தினார்.

“ரைட்! ரைட்! ரைட்!”

வலது இறக்கை, வலது இறக்கை என்று சொல்கிறார். இடிக்கப் போகிறது, பார் என்கிறார்.

ஏழுமலை காது அடைப்பானை விலக்கிக்கொண்டு திரும்பினான். கண்டக்டர் காதில் அது எப்படி விழும்? தமிழ்நாட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரைட் என்றால் போகலாம். ரைட் ரைட் என்றால் சீக்கிரம் போகலாம். அதிகாரியே வந்து மூன்று ரைட் கொடுக்கிறார். ஏழுமலை அவரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே, கட்டைவிரலை இன்னும் உயரமாக எனக்குத் தூக்கிக் காட்டினான்.

நான் பார்த்தது அந்த விரலை. கூடவே அவன் முகத்தையும் பார்த்தேன். முகம் கபூர் பக்கம் இருந்தது. இறக்கையை ஒருவரும் பார்க்கவில்லை.

மூட்டை தூக்கப் போக வேண்டியிருக்கும் என்ற நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். கேன்டீன் சிரிப்பும் காதில் கேட்டது. ஆனால் கைகள் அதற்குள் மேலே போய்விட்டன. மட்டையும் மட்டையும் மோதி ‘டக்’ என்று ஒரு சத்தம்.

விமானம் நின்றது.

அவன் கண் அங்கே இல்லை

கபூர் ஏணி வண்டியில் கையை வைத்துத் தள்ளினார். ஏழுமலை அப்போதுதான் பின்னால் திரும்பினான். “ஐயோ!” என்று அவன் வாய் அசைந்தது மட்டும் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரும் வண்டியைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சக்கரத்தில் கட்டை வைக்கும் வரை நான் மட்டையை அசைக்கவில்லை. தோள் கடுத்தது. சட்டைக்குள் வியர்வை ஓடியது. பைலட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இறக்கைக்குள்ளேதான் எண்ணெய் இருக்கும். இரும்பு ஏணி அதைக் கிழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நிமிடம் யோசிக்கவில்லை. ராத்திரி படுத்த பிறகு யோசித்தேன், தூக்கம் வரவில்லை.

வழி சுத்தம் என்று ஆனதும் மிச்ச தூரத்துக்கு விமானத்தை அழைத்து வந்து நிறுத்தினேன். எஞ்சின் ஓய்ந்தது. கண்ணாடிக்குள் பைலட் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை நெற்றிக்குப் போனது. எனக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

லாரி கிளீனருக்கு. கோட்டா முட்டுக்கட்டைக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஏழுமலை ஓடி வந்தான்.  முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் நீட்டிக் காட்டினான். “ஒரு மொழம்ணே. ஒரு மொழந்தான் இருந்துச்சி.”

பின்னாலேயே கபூர். மூச்சு வாங்கியது. ஏழுமலையைப் பார்த்து, ‘நான் ரைட், ரைட் என்று கத்தினேனே, நீ எதற்கு விரலைக் காட்டினாய்?’ என்று கேட்டார்.

“ஆமாங்க சார். நீங்க ரைட்டு ரைட்டுன்னீங்க. அதான் நானும் ரைட்டு குடுத்தேன்.”

கபூருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் இடையில் புகுந்து, எங்கள் ஊரில் ரைட் என்றால் வலதுமில்லை, சரியுமில்லை, வண்டியை எடு என்று அர்த்தம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். நிறுத்த வேண்டுமானால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். “ஹோல்டேன்” என்றேன். ‘ஹோல்ட் ஆன்’ எங்கள் பஸ் கண்டக்டர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. அந்த வெயிலில் கபூர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நாங்களும் சிரித்தோம். 

சிரித்து முடித்ததும் கபூர் கேட்டார். அங்கிருந்து உனக்கு ஏணி தெரிந்ததா?

“அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை சார்.”

விரல் மேலேதானே இருந்தது, எதற்கு நிறுத்தினாய்?

“விரல் இருந்தது சார். அவன் கண் இறக்கையில் இல்லை.”

 மத்தியானம் கபூர் கேன்டீனுக்கு வந்தார். அவர் அங்கே வருகிற வழக்கமே கிடையாது. பிரிந்து கிடந்த மேஜைகளுக்கு நடுவில் நின்று, இந்த மட்டை இனி கல்லாகுர்ச்சியிடம்தான் இருக்கும், சந்தேகம் வந்தால் இவன் நிறுத்துவான், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது என்றார். அந்த ஷிப்டில் ரைட் என்ற சொல்லையும் அன்றோடு ஒழித்தார். அதன் பிறகு அவர் ஏதாவது ஆபத்தைக் கண்டால் டில்லித் தொண்டையில் “ஹோல்டேன்! ஹோல்டேன்!” என்று கத்துவதைக் கேட்க வேண்டுமே. ஏழுமலையை அவர் விரட்டவில்லை. முறையாகப் பயிற்சி கொடுத்து இறக்கைக்கே வைத்துக்கொண்டார். அவனும் அதற்குப் பிறகு எவர் கூப்பிட்டாலும் இறக்கையை விட்டுத் திரும்பியதில்லை.

அக்காவின் பஸ்

ரோடு திறந்ததும் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். வழியெல்லாம் வெட்டிய மரங்களை ஓரமாக உருட்டி விட்டிருந்தார்கள். பச்சை மரத்தின் வாசனை பஸ்ஸுக்குள் வந்தது.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே கேட்டாள். இறக்கை, ஏணி, கபூர் எதுவும் அவள் மனசில் ஏறவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

“கைய காட்டினா நின்னுடுமா?”

“நின்னுடும்க்கா.”

“டிரைவரு திட்டலையா?”

“சல்யூட் வெச்சாரு.”

முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் வாய்விட்டுப் புகழ்கிற பழக்கம் கிடையாது.

லீவு முடிந்து கிளம்பினேன். அக்காவும் கள்ளக்குறிச்சி வரை வருவதாகச் சொல்லி ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். நாங்கள் பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போதே டவுன் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. விட்டால் அடுத்த பஸ் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அக்கா மூட்டையோடு ஓட முடியாமல் நின்றுவிட்டாள்.

நான் யோசிக்கவே இல்லை. ரோட்டு நடுவில் போய் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்கே பிடித்துவிட்டேன்.

பஸ் நின்றது. எஞ்சினையே அணைத்துவிட்டார் டிரைவர். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த முகமெல்லாம் வெளுத்திருந்தது.

“இன்னாங்க, திரும்பியும் மறியலா?” என்றார் டிரைவர்.

 பின்னாலிருந்து அக்காதான் பதில் சொன்னாள். “மறியலும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் தம்பி. ஏரோப்ளேன நிறுத்தறவன். ஒம் பஸ்ஸு எம்மாத்திரம்? மூட்டைய வாங்குப்பா.”

பஸ் முழுக்கச் சிரிப்பு. கண்டக்டர் மூட்டையை வாங்கி உள்ளே போட்டார். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அப்ப நீங்க கைய எறக்குனாத்தான் நாங்க போவலாமாங்க?” என்றார்.

அப்போதுதான் கை இன்னும் மேலேயே இருக்கிறது என்று எனக்கு உறைத்தது. இறக்கப் போனேன்.

அக்கா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள். “இர்றா. நான் போயி குந்தற வரைக்கும் எறக்காத.”

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, புடவையைச் சரி செய்துகொண்டு, என்னைப் பார்த்துத் தலையாட்டும் வரை நான் கையை இறக்கவில்லை.